சரக்குல எதுக்குங்க இவ்வளவு பந்தா? எல்லைப்பக்கம் அடிக்கடி கேக்கற கேள்விங்க

நான் கேரளா பாலக்காடு ஜில்லால, தமிழ்நாட்டு எல்லைய ஒட்டின கொழிஞ்சாம்பாறை பக்கம். ரேஷன் கார்டு கேரளா, வீட்ல பேச்சு தமிழ், பொண்ணு எடுத்தது பொள்ளாச்சில. அப்பா காலத்துல இருந்து எங்க தென்னந்தோப்புல கொஞ்சம் மரத்த கள்ளுக்கு விட்டிருக்கோம். அந்த ஒரே காரணத்துக்காக அந்தப்பக்கத்து சொந்தக்காரங்க எல்லாம் என்னை சரக்கு எக்ஸ்பர்ட்டுன்னு முடிவு பண்ணிட்டாங்க, கல்யாணம் காதுகுத்து எதுன்னாலும் ஃபோன் வந்துரும், மாப்ள எத வாங்கறதுன்னு. ஒவ்வொருத்தருக்கும் ஒரே பதில சொல்லி வாய் வலிக்குது, அதான் எழுதி வச்சுட்டேன். கேரளாவுல 23 வயசு, தமிழ்நாட்டுல 21 ஆகாதவங்க இத படிக்கலாம், வாங்க முடியாது.

எந்த சரக்குங்க நல்ல சரக்கு?

உங்களுக்கு எது பிடிக்குதோ அது. ஆனா இந்தக் கேள்விய கேக்கறவங்க யாரும் நெஜமா இத கேக்கல, எத வாங்கிட்டுப் போனா அங்க இருக்கறவன் நம்மள மதிப்பான்னு தான் கேக்கறாங்க. அது வேற கேள்வி, கீழ வருது.

பிராந்தி குடிச்சா பட்டிக்காட்டான், ரம்முன்னா லோடுமேன், விஸ்கின்னா ஆபீசர். இது உண்மையா?

இதுல ஒரு பெரிய காமெடி இருக்கு. நம்மூர்ல விக்கற சாதா விஸ்கி, பிராந்தி, ரம் பெரும்பாலானதுக்கு அடிப்படை ஒண்ணே தான். கரும்பாலைல சர்க்கரை எடுத்தது போக மிஞ்சற மொலாசஸ் பாகுல இருந்தோ இல்ல தானியத்துல இருந்தோ வாசம் நிறம் எதுவும் இல்லாத ஒரு சுத்தமான ஸ்பிரிட் எடுக்கறாங்க. அதுல தண்ணி கலந்து 42.8 சதவீதத்துக்குக் கொண்டு வந்து, கேரமல் போட்டு நிறம் குடுத்து, வாசத்துக்கு எசன்ஸோ கொஞ்சம் மால்ட் (மொளகட்டின பார்லி) ஸ்பிரிட்டோ கொஞ்சம் திராட்சை ஸ்பிரிட்டோ சேத்து பாட்டில்ல அடைக்கறது. ஒரே மாவுல ஊத்துன இட்லியும் தோசையும் நான் பெரிய ஆளு நீ சின்ன ஆளுன்னு சண்டை போட்டா எப்படி இருக்கும், அப்படித் தான் இருக்கு விஸ்கி பார்ட்டிக்கும் பிராந்தி பார்ட்டிக்கும் நடக்கற சண்டை. ஐரோப்பாவுல மொலாசஸ்ல செஞ்சத விஸ்கின்னு பேரு போட்டு விக்கவே விடமாட்டாங்க, அங்க தானியத்துல செஞ்சு மரப்பீப்பாயில குறைஞ்சது 3 வருசம் வச்சா தான் விஸ்கி.

அதுக்காக இந்தியாவுல நல்ல விஸ்கியே இல்லன்னு கெளம்பிறாதீங்க. பெங்களூர் அம்ருத் கம்பெனி 2004ல தன்னோட சிங்கிள் மால்ட்ட, அதாவது ஒரே ஆலைல மால்ட்ல மட்டும் செஞ்ச விஸ்கிய, மொதல்ல கொண்டு போய் விட்டதே ஸ்காட்லாந்து கிளாஸ்கோல தான், திருநெல்வேலிக்கே அல்வா கொண்டு போன மாதிரி, ஆனா ஜெயிச்சுட்டாங்க. ஸ்காட்லாந்து குளிர்ல பீப்பாயில இருந்து வருசத்துக்கு 2 சதவீதம் போல ஆவியாகும், பெங்களூர்ல அதே 10 சதவீதத்த தாண்டும், அதே சூட்டுல இங்க மரத்தோட வாசமும் சீக்கிரம் ஏறிரும், 12 வருசம் 18 வருசம்னு லேபிள்ல நம்பர் தேட வேண்டியதில்ல. நம்பர் பெருசா இருந்தா தான் சரக்கு பெருசுன்னு நெனைக்கறவங்களுக்கு இத சொல்லி புரியவைக்க முடியல, நான் விட்டுட்டேன்.

காசு கூட குடுத்தா டேஸ்ட் கூட வருமா?

மொதல்ல ஒண்ணு, இங்கயும் சரி அங்கயும் சரி பாட்டில் விலைல பெரும்பங்கு அரசாங்கத்து வரி. நீங்க குடிக்கறது பாதிக்கு மேல வரி தான், அதுக்கு என்னங்க டேஸ்ட் இருக்கும்.

ரெண்டாவது, 2008ல அமெரிக்காவுல கலிஃபோர்னியாவுல ஒரு ஆராய்ச்சி. ஒரே ஒயின ஒரு தடவ 10 டாலர்னு சொல்லி குடுத்தாங்க, இன்னொரு தடவ 90 டாலர்னு சொல்லி குடுத்தாங்க. 90 தான் நல்லாருக்குன்னு சொன்னாங்க, அது எதிர்பாத்தது தான். ஆனா மூளைய ஸ்கேன் பண்ணி பாத்தா, சந்தோசப்படற எடமும் 90 டாலருக்கு நெஜமாவே கூடுதலா வேலை செஞ்சிருக்கு. அப்ப அவங்க பொய் சொல்லல, வெலைய கேட்டதுமே நாக்குக்கு இனிச்சிருக்கு. இத படிச்சதுக்கு அப்பறம் பந்தா பண்றவங்க மேல எனக்கு இருந்த கோவம் கொஞ்சம் கொறஞ்சுது.

மூணாவது நாங்களே செஞ்சு பாத்தது. போன கார்த்திகைல ஒரு மொட்டை மாடில ஆறு பேரு. ஒரு பாட்டில் 4,000 ரூபா, இன்னொண்ணு 700. ஆளுக்கு மூணு எவர்சில்வர் டம்ளர், ரெண்டுல ஒரே சரக்கு, ஒண்ணுல மட்டும் வேற, அது எதுன்னு கண்டுபிடிக்கணும், அவ்வளவு தான். கண்ண மூடிட்டு குருட்டாம்போக்குல கைய வச்சாலே மூணுல ஒண்ணு சரியா வரும். ஆறு பேத்துல ரெண்டு பேரு தான் சரியா சொன்னாங்க, அதாவது குருட்டாம்போக்கு கணக்கு அப்படியே. அதுல ஒருத்தன் அப்பறமா சொல்றான், நான் எல்லாத்துக்கும் நடு டம்ளர்னு சொல்லலாம்னு வந்தேன்னு. 4,000 ரூபா பாட்டில் வாங்கிட்டு வந்தவர் தப்பா சொன்னதோட நிக்கல, 700 ரூபா டம்ளர கையில தூக்கி பாத்தீங்களா இது தொண்டைல எறங்கறதே தெரியாதுன்னு வேற சொல்லிட்டாரு.

ஊத்தி குடுத்தது வீட்டுக்கார அக்கா. கேக் ஆர்டர் எடுத்து செய்யறவங்க, குடிப்பழக்கம் எல்லாம் கெடையாது. சும்மா வெளையாட்டுக்கு அவங்கள திரும்பி நிக்கச் சொல்லி நாங்க ஊத்தி வச்சோம். குடிக்கல, மூக்குகிட்ட கொண்டு போனாங்க, மூணு தடவ மாத்தி மாத்தி வச்சோம், மூணு தடவயும் சரியா சொல்லிட்டாங்க. எப்படிக்கா? "இதுல எசன்ஸ் வாசம் அடிக்குதுங்க சாமி, மலிவு வனிலா எசன்ஸ் மாதிரி. அதுல அடிக்கல." அதோட முறுக்கு தட்ட எடுத்துட்டு கீழ போயிட்டாங்க.

அப்ப டேஸ்ட்டுன்னு ஒண்ணு இல்லவே இல்லன்னு சொல்றீங்களா?

அய்யய்யோ, நான் எப்ப சொன்னேன். இருக்கு. அது இருக்கற ஆளு கிட்ட யாரும் போய் கேக்கறதில்ல, அது தான் என் வருத்தம்.

எங்க தோப்புல கள்ளு எறக்கற அண்ணன் இருக்காரு, அம்பது வயசுக்கு மேல. காலைல ஒரு தடவ சாயந்தரம் ஒரு தடவ மரம் ஏறணும். விரியாத பாளைய நாரு போட்டு கட்டி, எலும்புத் துண்டால ஒரு பதமா சுத்தியும் தட்டி, நுனிய சீவி, கள்ளு சொட்டி நெறையற முட்டிய மாட்டணும். தட்டறது கொறஞ்சா ஊறாது, கூடிருச்சுன்னா பாளை கெட்டுரும், அந்தப் பதம் அவரு கையில தான் இருக்கு, சொல்லிக் குடுக்கச் சொன்னா அவருக்கே சொல்லத் தெரியாது. எறங்கினதும் முட்டிய கேன்ல கவுக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவ மோந்து பாப்பாரு. எப்பவும் பாப்பாரு. ஒரு நாள் நான் பக்கத்துல நிக்கறேன், மோந்துட்டு முட்டிய தனியா எடுத்து வச்சாரு. என்னாச்சுங்கண்ணான்னேன். "இது நேத்து சரியா கழுவலைங்க, வடக்கோரத்துல அந்தப் பையன் ஏறின மரம்." வடக்கோரத்துல பத்துப் பன்னெண்டு மரம் இருக்கு, அதுல மூணு மட்டும் அந்தப் பையன் ஏறினது. நானும் மோந்து பாத்தேன், எனக்கு எல்லாம் கள்ளு வாசம் தான் வந்துது.

ராத்திரி மழை பேஞ்சிருந்தா ஒரு சொட்டு வெரல்ல தொட்டு வச்சே தண்ணி எறங்கியிருக்குன்னு சொல்லிருவாரு. எறக்கி எத்தன நேரம் ஆச்சுன்னு சொல்லுவாரு, அரைமணி முன்னபின்ன இருக்கலாம். இதே வேலைய பிரான்சுல திராட்சைத் தோட்டத்துல ஒருத்தர் செஞ்சா அவருக்கு ஒரு பட்டம் குடுத்து கோட்டு போட்டு ஃபோட்டோ எடுக்கறாங்க. இவரு சாயந்தரம் சைக்கிள எடுத்துட்டு கள்ளு ஷாப்புக்குப் போனா, கார்ல வந்து எறங்கற ஆளுங்க கொஞ்சம் தள்ளிப் போய் உக்காருவாங்க. அவங்க கையில இருக்கறது அவரு எறக்கின கள்ளு.

ராவா அடிக்கறவன் தான் ஆம்பளையாமே?

ஸ்காட்லாந்துல விஸ்கி கலக்கறதையே தொழிலா வச்சிருக்கறவங்க அத 20 சதவீதம் போல வர்ற அளவுக்கு தண்ணி ஊத்தி தான் மோந்து பாக்கறாங்க. 2017ல ஸ்வீடன்ல ஒரு ஆராய்ச்சி கூட வந்துது, தண்ணி சேத்தா புகை வாசம் குடுக்கற பொருள் டம்ளரோட மேல்பரப்புக்கு வந்து நிக்குது, அதான் வாசம் தூக்கலா தெரியுதுன்னு. ராவா அடிச்சா மொதல்ல மரத்துப் போறது நாக்கு தான், மரத்த நாக்கோட டேஸ்ட்ட பத்தி லெக்சர் வேற குடுப்பாங்க. ஐஸ் கதையும் அதே, ஜில்லுன்னு ஆக ஆக வாசம் அடங்கிரும். மோசமான பீர பல்லு கூசற அளவுக்கு ஜில்லுன்னு குடுக்கறது சும்மா இல்லைங்க.

சிங்கிள் மால்ட்ல கோக் ஊத்தினா பாவமா?

பாவம் இல்ல, நஷ்டம்.

துபாய் மாமா கொண்டு வர்ற பாட்டில் மட்டும் எப்படிங்க அவ்வளவு மணக்குது?

ஏர்போர்ட்ல வரி கட்டாம ஒரு ஆளுக்கு 2 லிட்டர் தான் அனுமதி, அதனால மணக்குது. மாமா வந்த அன்னிக்கு சாயந்தரம் தெருவுல இருக்கற எல்லாரும் நலம் விசாரிக்க வருவாங்க, ஆளுக்கு ஒரு மூடி அளவு கெடைக்கும், அத அரைமணி நேரம் கையில வச்சிருப்பாங்க. அதே ஆளுங்களுக்கு அதே சரக்க நம்ம பிவரேஜஸ்ல (கேரளா அரசாங்க மதுக்கடை) வாங்கிட்டு வந்து ஊத்துங்க, பரவால்லன்னு சொல்லிட்டு போயிருவாங்க. தீந்ததுக்கு அப்பறம் அந்தக் காலி பாட்டில் இருக்கே, அதுக்குத் தான் நெஜமான மரியாத. எங்க பெரியம்மா வீட்டு ஃப்ரிட்ஜ்ல பதினஞ்சு வருசமா ஒரு பச்சை பாட்டில்ல தண்ணி இருக்கு, ஜன்னல்ல இன்னொண்ணுல மணிபிளான்ட், ரெண்டுக்கும் லேபிள் கிழியாம பாத்துக்கறாங்க. பெரியப்பா வாழ்க்கைல ஒரு சொட்டு தொட்டதில்ல.

இது ஒண்ணும் புதுசு இல்லைங்க. புறநானூறு 56வது பாட்டுல நக்கீரர் பாண்டியன வாழ்த்தறப்பவே யவனர் நல்ல கலத்துல கொண்டு வந்த குளுகுளு தேறல, வளையல் போட்ட பொண்ணுங்க தங்கக் கிண்ணத்துல ஏந்திக் குடுக்க தெனம் குடிச்சு சந்தோசமா இருன்னு தான் பாடறாரு. பாருங்க, பாண்டி நாட்டுல பனை இல்லையா தென்னை இல்லையா, ராஜாவுக்கு கப்பல்ல வந்தது தான் கேக்குது. அந்தக் கலம் காலியான பின்னாடி மதுரைல யாரு வீட்டு ஜன்னல்ல என்ன செடி வச்சாங்களோ.

மிலிட்டரி சரக்கு தனி டேஸ்ட்னு சொல்றாங்க?

கேன்டீன்ல வரி கம்மி, அதனால வெல கம்மி, கெடைக்கறது கஷ்டம். கஷ்டப்பட்டு கெடைக்கற எல்லாத்துக்கும் தனி டேஸ்ட் தான்.

பிவரேஜஸ் பிரீமியம் கவுண்டர்ல போறது நல்லதா, சாதா க்யூவா?

ஏசி வேணும்னா பிரீமியம். நான் பாத்த ஒரு விஷயம் சொல்றேன். ஜவான்னு ஒரு ரம், திருவல்லால அரசாங்க ஃபேக்டரியில செய்யறது, வெல கம்மி, எப்ப கேட்டாலும் தீந்துபோச்சும்பாங்க. பிரீமியம் கவுண்டர்ல கூடைய கையில மாட்டிட்டு, இத்தாலி ஒயின எடுத்து பின்னாடி லேபிள கண்ணாடி போட்டு படிச்சுட்டு இருந்த ஒருத்தர், ஆள் நகந்ததும் ஸ்டாஃப் கிட்ட போய் மெதுவா கேக்கறாரு, ஜவான் வந்நோ?

ஒயின எதுக்குங்க அப்படி சுத்தறாங்க?

சுத்தினா வாசம் எழும்பும், அதுல நியாயம் இருக்கு. மத்தபடி பெருசா பயப்படாதீங்க. 2001ல பிரான்சு போர்டோல, ஒயினப் பத்தியே படிக்கற 54 மாணவங்களுக்கு வெள்ளை ஒயின்ல வாசமில்லாத சிவப்பு சாயத்த கலந்து குடுத்தாங்க, அவங்க சிவப்பு ஒயினுக்கு சொல்ற வார்த்தையா எடுத்து விட்டாங்களாம். 1976ல பாரிஸ்லயே கண்ண கட்டாத குறையா, லேபிள மறைச்சு வச்சு பிரெஞ்சு ஜட்ஜுங்க மார்க் போட்டப்ப ரெண்டு பிரிவுலயும் கலிஃபோர்னியா ஒயின் மொதல்ல வந்துருச்சு.

முன்னல்லாம் கள்ளு குடிச்சா கேவலம்பாங்க, இப்ப இன்னோவால குடும்பத்தோட வர்றாங்களே, என்னாச்சு?

தமிழ்நாட்டுல 1987ல இருந்து கள்ளு எறக்கக்கூடாது. இந்தப்பக்கம் எங்க சித்தூர் தாலுகால தோப்பு தோப்பா எறக்கி, விடிகாலைல வண்டில ஏத்தி திருச்சூர் எறணாகுளம்னு மத்த ஜில்லாவுக்கும் போகுது. எல்லைக்கு அந்தப்பக்கம் அதே மரம், அதே வாய்க்கா தண்ணி, பாளைய தொட்டா கேஸ். கெடைக்காம போனதும் மவுசு வந்துருச்சு. எங்க அப்பத்தா களையெடுத்துட்டு வந்து திண்ணைல உக்காந்து ஒரு லோட்டா கள்ளு குடிச்சவங்க, அவங்க பேரன்மாரே கொஞ்ச நாள் அத வெளிய சொல்ல கூச்சப்பட்டாங்க. இப்ப அதே பேரன் கோயமுத்தூர்ல இருந்து ஃப்ரெண்ட்ஸ கூட்டிட்டு வந்து, இது ஆர்கானிக்டா, நேச்சுரல் ஈஸ்ட்டுன்னு கிளாஸ் எடுக்கறான்.

இதுவும் பந்தா தான், திருப்பிப் போட்ட பந்தா. பீர் குடிக்கறவன பாத்து கெமிக்கல் குடிக்கறான்னு சொல்ற அளவுக்குப் போயிருச்சு. கள்ளு எறக்கின ஒடனே இனிப்பு, மதியத்துக்கு நொரை கட்டும், சாயந்தரம் காட்டமாகும், அப்படியே விட்டா புளிச்சு வினிகர் தான். எந்த நேரத்துக் கள்ளு நல்லதுன்னு கேட்டா அது அவங்கவங்க வாய்க்கு. எங்க வீட்ல காலைல எறக்கினது, கள்ளு எறக்கற அண்ணனுக்கு சாயந்தரம் காட்டமானது, இனிப்பெல்லாம் கொழந்தைங்க சமாச்சாரம்பாரு. ஆமாங்க, அவருக்கும் பந்தா உண்டு.

பீர், கள்ளு எல்லாம் ஒரு சரக்கா? கூல்டிரிங்க்ஸ் தானே?

இந்த ஒண்ணுக்கு மட்டும் நான் கணக்கு போட்டு காட்டுவேன். 650 மில்லி பீர் பாட்டில், 5 சதவீதம்னா உள்ள இருக்கற ஆல்கஹால் 32 மில்லி சொச்சம். 42.8 சதவீத பிராந்தில அதே அளவு வேணும்னா 76 மில்லி, அதாவது ஒரு லார்ஜுக்கும் மேல. ஸ்ட்ராங் பீர் 8 சதவீதம்னா கிட்டத்தட்ட 120 மில்லி பிராந்தி, குவார்ட்டர்ல மூணுல ரெண்டு பங்கு. 6 சதவீதம் ஏறின கள்ளு ஒரு லிட்டர் குடிச்சா 140 மில்லி பிராந்தி. நான் பீர் தான் சாப்ட்டேன்னு சொல்லிட்டு வண்டி சாவிய எடுக்கற ஆளு கிட்ட இத காட்டுங்க. ஈரலுக்கு பிராண்டு தெரியாது.

நாட்டுச்சரக்கு தான் ஒரிஜினல், மத்ததெல்லாம் டூப்ளிகேட்னு ஒருத்தர் சொல்றாரு?

அவர் கூட குடிக்காதீங்க. இதுல வெளையாட்டு வேண்டாம். கேரளாவுல 1996 ஏப்ரல்ல சாராயத்தையே தடை பண்ணிட்டாங்க, அப்பறம் யாரு விக்கறது எதுல காய்ச்சறதுன்னு யாருக்கும் தெரியாது. மெத்தனால் கலந்திருந்தா உங்க நாக்குக்குத் தெரியவே தெரியாது, வாசத்துலயும் பெருசா வித்தியாசம் இருக்காது, கேக் அக்காவாலயும் முடியாது. ஒடம்புக்குள்ள போய் அது ஃபார்மிக் ஆசிடா மாறி மொதல்ல கண்ணுல கை வைக்கும். குடிச்சு பல மணிநேரம் கழிச்சு பார்வை மங்குது, வயிறு வலிக்குதுன்னா ஒரு நிமிசம் யோசிக்காம ஆஸ்பத்திரிக்குப் போகணும். 2024 ஜூன்ல கள்ளக்குறிச்சில 60 பேருக்கு மேல செத்தாங்க, அவங்கள்ல எத்தன பேரு பல வருசமா குடிச்சு பழகின நாக்கு வச்சிருந்தவங்க.

டச்சிங்ஸ், அதான் தொட்டுக்க, எது நல்லது?

கப்பைக் கெழங்கு, மத்தி வறுவல், காந்தாரி மொளகா அரைச்சது. ஆனா ஒண்ணு, காந்தாரிய தொட்டு நாக்குல வச்சதுக்கு அப்பறம் 700 ரூபாயும் 4,000 ரூபாயும் ஒண்ணு தான். ஊறுகாய நக்கிட்டு இதுல லேசா பீட் வாசம் (ஸ்காட்ச் விஸ்கில வர்ற புகை வாசம்) வருதுன்னு சொன்ன ஒருத்தர எனக்குத் தெரியும்.

லேடீஸ் டிரிங்க்னு எத சொல்றாங்க?

அப்பத்தாவோட லோட்டா. மேல படிங்க.

நான் குடிக்கறதில்ல, விசேஷத்துக்குப் போனா கலாய்க்கறாங்க. என்ன பண்ண?

உப்பு போட்ட லைம் சோடா எவர்சில்வர் டம்ளர்ல வாங்கிக்கங்க, ரெண்டாவது ரவுண்டுக்கு மேல உங்க டம்ளர்ல என்ன இருக்குன்னு யாரும் பாக்கமாட்டாங்க. கடைசில எல்லாரையும் வீட்ல எறக்கிவிடச் சொல்லுவாங்க, அது ஒண்ணு தான் தொல்ல. இன்னொரு பக்கம், நான் இதெல்லாம் தொடறதே இல்லன்னு மூக்க சுளிச்சுட்டு சிக்கன் தட்ட மட்டும் காலி பண்ற ஆளுங்களும் இருக்காங்க. அது வேற மாதிரி பந்தா, அவங்களுக்கு தனியா ஒரு பக்கம் எழுதணும்.

சரிங்க, நீங்க என்ன குடிப்பீங்க?

மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழம, காலைல எறக்கினது, மரத்தடில நின்னுட்டே ரெண்டு டம்ளர். வேற ஒண்ணும் கெடையாது. இவ்வளவு பேசறேனேன்னு பாக்காதீங்க, போன மாசம் மச்சான் வீட்டு புதுமனை புகுவிழாவுக்கு பொள்ளாச்சில எறங்கி பாட்டில் வாங்கினேன், கை தானா பெட்டி போட்டதுக்குத் தான் போச்சு, பெட்டிக்குன்னு எப்படியும் ஆயிரம் ரூபா கூட இருக்கும். மச்சான் பெட்டிய ரெண்டு கையாலயும் வாங்கி, தெறந்து பாட்டில வெளிய எடுத்து டேபிள்ல வச்சுட்டு, பெட்டிய மட்டும் கொண்டு போய் ஷோகேஸ்ல பொம்மைக்குப் பக்கத்துல நிக்க வச்சு தள்ளி நின்னு பாத்தாரு. அப்பறம் உள்ள போய் அவரோட பிராந்திய எடுத்துட்டு வந்தாரு.